மாவுக்காரியின் முகம்

புருஷனிடம் எப்படி ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் சொல்லிவிடுவோம் என்று ஜெயக்கொடிக்குப் பயம். "உலகு வந்துட்டுப் போறா" என்று தொடங்கினால் எந்த உலகு என்பார். "நம்ம மக" என்று தொடங்கினால் எனக்கு மகள் கிடையாது என்பார். குப்பியிலிருந்து தொடங்கினால் கண்ணுக்குப் போக வேண்டும், கண்ணிலிருந்து தொடங்கினால் சத்தியத்துக்குப் போக வேண்டும், சத்தியத்துக்குப் போய்விட்டால் அதற்குமேல் அந்த வீட்டில் யாருக்கும் பேச்சு எழாது. அவள் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு உப்புச் சுமக்கப் போனவள். கடையில் கடுகு கேட்பதற்குக்கூட வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போகிறவள். அதனால் புருஷனிடம் சொல்ல வேண்டியதை முதலில் தண்ணீர்க் குடத்திடம் சொல்லிப் பார்த்தாள், பிறகு அம்மியிடம், பிறகு கொடியில் காய்ந்த அவருடைய வேட்டியிடம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் இடறியது. கடைசித் தடவை காற்று அடித்து வேட்டியும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே பாத்தி பாத்தியாக வெள்ளைவெளேரென்று கிடக்கும் உப்பளமும் அதன் ஓரத்தில் எண்பது வீடுகளுமாக இருக்கிறது அளத்தெரு. அங்கே ஜெயக்கொடியின் புருஷன் தவசிமுத்து இருபத்தேழு வருஷம் கங்காணியாக இருந்தார். பாத்தியில் கட்டிய நீர் எப்போது முற்றி உப்பு இறங்கும், எந்தப் பாத்தியை இன்றைக்கு வாரலாம், எதை நாளைக்கு விடலாம் என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவார். இளவயசில் உப்புச் சில்லு தெறித்து இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டே எண்பது குடும்பத்துக்கும் உப்பு இறக்கிக் கொடுத்தார்.

அளத்தெருவில் சத்தியம் என்றால் கற்பூரம் அணைப்பதில்லை, பிள்ளை தலையில் அடிப்பதில்லை. பருவத்தின் முதல் உப்பை இரண்டு கை நிறைய அள்ளி, எல்லாரும் கேட்கும்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, உப்பைத் திரும்பவும் பாத்தியிலேயே போட்டுவிட வேண்டும். உப்பு கரைந்துவிடும், சொன்ன சொல் கரையாமல் நீரோடு சேர்ந்து எல்லாப் பாத்திக்கும் போய்விடும். ஒரே மகள் உலகம்மாள், வேறு சாதி, வேறு சாமி என்று பாராமல் ஐஸ் கம்பெனி சவரிமுத்துவோடு போய்விட்ட அந்தத் தை மாதத்தில் தவசிமுத்து அப்படித்தான் அள்ளினார்.

"இனிமே அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன். முழிச்சேன்னா இந்த அளத்துல உப்பு இறங்காமப் போவட்டும்."

சொன்ன பிறகு அது அவருடைய சத்தியமாக மட்டும் இருக்கவில்லை. எண்பது வீட்டு அடுப்பும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இரண்டு வருஷம் கழித்து வரப்பு வளைந்தது. ஒரு நாள் காலையில் தவசிமுத்து வரப்பில் நின்று, "எந்தக் குடிகாரன்வே இதப் போட்டது, பாம்பு போன தடம் மாதிரி நெளியுது" என்று சத்தம் போட்டார். நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்தது வரப்பு. ஆனால் கங்காணியின் கண்ணைச் சந்தேகப்பட அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவர் சொன்ன இடத்தில் வெட்டி, சொன்ன இடத்தில் அணைத்து, பதினோரு நாள் வேலை செய்து, நேரான வரப்புகளையெல்லாம் அவர் கண்ணுக்கு நேராகும்வரைக்கும் வளைத்தார்கள். இன்றைக்கும் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, அந்த ஒரு அளத்தில் மட்டும் பாத்திகள் ஏன் நெளிநெளியாகக் கிடக்கின்றன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் பார்வையின் நடுவில் ஒரு புகை வந்து உட்கார்ந்தது. ஓரமெல்லாம் தெரியும், எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் இருக்காது. தட்டைப் பார்த்தால் விளிம்பு இருக்கும், சோறு இருக்காது. ஆளைப் பார்த்தால் இரண்டு காது, கொஞ்சம் முடி, கழுத்துக்குக் கீழே சட்டை இருக்கும், முகம் இருக்காது. இதற்குக் காரணம் தேடித் தெருவில் யாரும் அலையவில்லை. ஒரு முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று உப்பிடம் சொன்னார், எந்த முகம் என்று உப்புக்கு அடையாளம் தெரியாது, அதனால் எல்லா முகத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது என்றார்கள். கங்காணி வேலை அவருடைய தங்கை மகன் வெள்ளைச்சாமிக்குப் போயிற்று. தவசிமுத்து முன்னறையில் மர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்த மறு வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி பஸ்ஸில் உலகம்மாள் வந்து இறங்கினாள். அப்பாவுக்கு முகம் தெரிவதில்லை என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். வெறுங்கையோடு வர மனசில்லாமல் தூக்குச்சட்டி நிறைய தோசை மாவு கொண்டுவந்திருந்தாள். வாசலில் நின்ற மகளைப் பார்த்ததும் ஜெயக்கொடி அளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், உப்பு அப்படியே இருந்தது.

"யாரது?" என்றார் தவசிமுத்து.

"மாவுக்காரி." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வெயிலா இருக்கு, உள்ள வந்து உக்காரச் சொல்லு. ஏன் பேச மாட்டேங்கா?"

"பேச்சு வராது, பாவம்."

இந்த இரண்டு பொய்யின்மேல் ஆறு வருஷம் ஓடியது. செவ்வாய்தோறும் உலகம்மாள் பதினோரு மணி பஸ்ஸில் வந்து, அப்பாவுக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் போனாள். தெரு முழுவதற்கும் தெரியும், பஸ் கண்டக்டருக்கும் தெரியும். யாரும் மூச்சு விடவில்லை. தவசிமுத்துவோ, பேச்சு வராதவர்களிடம் மனுஷர்கள் பேசுகிற மாதிரி, மற்றவர்களிடம் பேசாததையெல்லாம் மாவுக்காரியிடம் பேசினார். மாவு இந்த வாரம் புளிக்கவில்லை என்றார். தெற்குப் பாத்தியில் ஊற்று கிளம்பினால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினார். ஒரு நாள், "ஒனக்குப் பிள்ளை உண்டாம்மா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள், இரண்டு காது மேலும் கீழும் போவது அவருக்குத் தெரிந்தது.

"எனக்கும் ஒண்ணு இருந்துது" என்றார். "நாலு வயசுல நீரைத் தொட்டு நாக்குல வச்சுட்டுச் சொல்லும், முத்தீட்டுப்பா, வாரலாம்னு. சொன்னா சரியா இருக்கும்."

உலகம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அவர் அவளுடைய முகம் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் ஜெயக்கொடி கொதிக்காத உலைக்கு மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

ஆறாவது வருஷம் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். கட்டம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து, நடுப் புள்ளியைப் பாருங்கள் என்றார்கள். "இது எங்க அளமில்லா" என்றார் தவசிமுத்து. "வரப்பு இப்பமும் நெளியுது. நடுவுல நாலு பாத்தியக் காணல." அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையானவள்.

"கண்ணுக்கு உள்ளே பின்சுவத்துல ஒரு திரை இருக்கு, ஐயா. அதுல நடுவுல கடுகளவு இடம். முகம் பாக்கறது, எழுத்துப் படிக்கிறது எல்லாம் அந்தக் கடுகுதான். வயசானதுல அதுக்கு அடியில புது ரத்தக்குழாய் முளைச்சு, கசிஞ்சு, தழும்பாகிருச்சு."

"பாத்திக்கு அடியில ஊத்து கிளம்பிட்டு" என்றார் தவசிமுத்து.

டாக்டரம்மா யோசித்தாள். "ஆமா. அப்படித்தான். மேல இருக்கற திரையைத் தூக்கிட்டு, அடியில இருக்கற தழும்பை எடுத்துட்டு, திரையைக் கொஞ்சம் திருப்பி நல்ல தரை இருக்கற பக்கமா நகர்த்தி வைக்கப் போறோம். எல்லாம் கொஞ்சம் சரிஞ்ச மாதிரி தெரியும், பழகிரும். ஆனா இருக்கறது ஒரு கண்ணு. சரியா வராமலும் போகலாம். வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க."

வீட்டில் என்ன பேச? ஜெயக்கொடி இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். கண் வராவிட்டால் அவர் ஜெயக்கொடியை ஒரு நாளும் பார்க்கப்போவதில்லை. கண் வந்துவிட்டால் செவ்வாய்க்கிழமை போய்விடும். செவ்வாயன்று பஸ் நிறுத்தத்தில் வைத்து மகளிடம் சொன்னாள்.

"கண்ணு வரட்டும்மா" என்றாள் உலகம்மாள்.

"வந்தா நீ வர முடியாதேட்டி."

"உப்பைப் பாப்பாவ. ஒன்னையப் பாப்பாவ. நான் பஸ்ஸுல போற வழியில அளத்துல அவிய நிக்கதப் பாத்துக்கிடுதேன்." பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டே, "மாவுச் சட்டிய அடுத்த வாரம் வாங்கிக்கிடுதேன்" என்றாள். அடுத்த வாரம் என்பது இல்லாமல் போகலாம் என்பது அவளுக்கு நினைவில்லாதது போல.

ஆபரேஷன் மூன்றரை மணி நேரம் நடந்தது. நர்ஸ் வெளியே வந்தால் மற்ற வீட்டுக்காரர்கள் கண் எப்படியிருக்கிறது என்று கேட்பார்கள். ஜெயக்கொடி, "எடுத்ததைத் தாருங்கம்மா" என்று கேட்டாள். அளத்தெருவில் உடம்பிலிருந்து எடுத்த எதையும் வெளியூரில் விட்டுவிட்டு வரமாட்டார்கள். பித்தப்பைக் கல்லானாலும் பிள்ளையின் முதல் பல்லானாலும் கொண்டுவந்து சொந்தப் பாத்தியின் மூலையில் உப்புக்குள் புதைத்தால்தான் உடம்பு முழுசாக இருக்கும். நர்ஸ் இதையெல்லாம் கேட்டுவிட்டு, மறுக்கத் தெம்பில்லாமல், மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீருக்குள் மிதந்த கடுகில் பாதியளவு புகையை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளக் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி விட்டிருப்பதாகவும், பதினான்கு நாள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும், சாப்பிடும்போதும் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். வெள்ளைச்சாமி ஒரு கயிற்றுக் கட்டிலில் தலைமாட்டுக் கயிற்றை அவிழ்த்து முகம் வைக்க வழி பண்ணிக் கொடுத்தான். தவசிமுத்து அதில் தரையைப் பார்த்துக் கிடந்தார். தரையைப் பார்த்துக் கிடக்கிறவருக்கு யார் முகமும் தெரியாது. அதனால் உலகம்மாள் செவ்வாய் என்றில்லாமல் தினமும் வந்தாள், நாலு வயசு மகளையும் கூட்டிக்கொண்டு. அந்தப் பிள்ளை யாரும் பார்க்காதபோது கட்டிலுக்கு அடியில் மல்லாக்கப் போய்ப் படுத்துக்கொண்டு கயிற்று ஓட்டை வழியே அவரை அண்ணாந்து பார்த்தது.

"தாத்தாவுக்கு மூக்கு ஒழுகுது" என்றது.

"இது யாரு?"

"மாவுக்காரி மக" என்றாள் ஜெயக்கொடி.

"இதுக்குப் பேச்சு வருதே" என்றார் தவசிமுத்து. அதோடு விட்டுவிட்டார்.

அவரைத் தனியாக விட்டுவிட்டு அளத்துக்குப் போக முடியாததால் குப்பியைப் புதைக்க நாள் தள்ளிப்போயிற்று. அவள் அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் மாடத்தில் வைத்தாள். காலையில் பார்த்தால் முருகனைக் காணவில்லை. மயில் தோகையும் வேலின் நுனியும் சட்டத்தின் நாலு மூலையும் இருந்தன, நடுவில் ஒன்றுமில்லை. கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை, ஒன்றுமே இல்லை. குப்பியைத் தள்ளி வைத்தால் முருகன் வந்தார். எந்தப் பொருளுக்கு முன்னால் வைத்தாலும், நேராகப் பார்க்கிறவர்களுக்குத் தட்டளவு இடம் இல்லாமல் போயிற்று. ஆறு வருஷம் புருஷன் கண்ணில் இருந்தது இதுதான் என்று ஜெயக்கொடி புரிந்துகொண்டாள். அதில் அதிசயப்பட ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. பயம்தான் வந்தது, யார் கையாவது பட்டு உடைந்துவிடுமோ என்று.

மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பூரணம்தான் முதலில் பார்த்தாள், அதுவும் நேராகப் பார்க்காமல், பேசிக்கொண்டே கடைக்கண்ணால். மோர்ச் செம்பு சாய்ந்து தரையெல்லாம் ஓடியது.

"மீசைய எடுத்திருக்கான்" என்றாள்.

"யாரு?"

"என் தம்பி. மஸ்கட்ல செத்தானே, பெட்டியத் திறக்கக் கூடாதுன்னு ஆணி அடிச்சுல்லா கொண்டாந்தாவ. கடைசியா எப்படி இருந்தான்னு பாக்காமலே தூக்கிட்டோமே. இந்தா இருக்கான். மீசைய எடுத்திருக்கான்."

பார்க்க வேண்டியிருந்து பார்க்காமல் விட்டுப்போன முகம் எதுவோ அது குப்பிக்குள் இருந்தது; ஒரு சாண் தள்ளி வேறெதையோ பார்த்தால் அது தெரிந்தது. மறுநாள் அளத்து வேலை முடிந்து கைகால் கழுவிய கையோடு தெரு வந்து வாசலில் நின்றது. மயக்க மருந்து கொடுத்து வயிற்றைக் கிழித்துப் பெற்றவள், துடைப்பதற்கு முந்திய தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்று வெட்கத்தில் தலை நிமிராத வெள்ளைச்சாமியின் பெண்டாட்டி அவனுடைய இருபத்தைந்து வயசு முகத்தைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே நிமிந்து பாத்திருந்தா தப்பிச்சிருப்பேன்" என்றாள். முப்பது வருஷம் பச்சைக்கொடி காட்டி நின்ற ரயில்வே கேட்காரர், நிற்காமல் போன அத்தனை ரயிலின் அத்தனை ஜன்னலோர முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்து, சாயங்காலம் அவரை நாலு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அடுத்த வாரம் தெருக்காரர்களே சட்டமும் போட்டுக்கொண்டார்கள்: ஆளுக்கு ஒரு தடவை, கொடியில் ஒரு துணி அசைந்து நிற்கும் நேரம், அடுத்தவர் என்ன பார்த்தார் என்று கேட்கக் கூடாது, கட்டிலில் கிடக்கிறவரின் தூக்கம் கெடக் கூடாது. பக்கத்து ஊர்க்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். ஒருவன் மாமியாரின் சாவுக்கே போகாமல், "பெறகு குப்பியில பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு அளத்தில் நின்றான் என்று கேள்விப்பட்டபோது மட்டும் பூரணம் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜெயக்கொடி மட்டும் ஒரு தடவைகூட அப்படி ஓரமாகப் பார்க்கவில்லை. அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்தாம் நாள் அவர் எழுந்திருப்பார். ஊரே பார்த்த குப்பியை, அவர் கண்ணிலிருந்தே எடுத்த குப்பியை, ஏன் பார்க்காமல் இருக்கப் போகிறார்? அதற்குள் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆறு வருஷச் செவ்வாய்க்கிழமை முழுவதும் இருக்கும். முந்தானையைக் கடித்த முகம் இருக்கும். பொய்க்காரி ஒருத்தி அடுப்படியில் நின்ற முகமும் கூடவே இருக்கும்.

வெள்ளைச்சாமிக்கு வேறு பயம். "அத்தை, மாமா குப்பியில ஒலகுவப் பாத்துட்டாவன்னா அது முழிச்ச கணக்குல வருமா? தெற்குப் பாத்தியெல்லாம் இப்பம்தான் முத்தி வருது."

கஞ்சி குடிக்கிற நேரத்தில் கொட்டகையில் கூடிப் பேசினார்கள். பேசித் தீராமல், பார்த்தே தீர்த்துவிடலாம் என்று பொன்னையாவைக் கூட்டி வந்தார்கள். பொன்னையாவும் அவனுடைய தம்பி மாடசாமியும் ஒரு வரப்புத் தகராறில், ஒருவன் முகத்தில் ஒருவன் முழிப்பதில்லை என்று தங்கள் தங்கள் பாத்தியின் பேரில் உப்பு அள்ளியவர்கள். பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் முதுகைக் காட்டி வேலை செய்கிறவர்கள். பொன்னையா குப்பியின் ஓரமாகப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கான் பய" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான். மறுநாள் காலையில் அவனுடைய பாத்தியில் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். உப்பு இறங்கியிருந்தது, முந்தின நாளைவிட வெள்ளையாக இறங்கியிருந்தது என்றுகூடச் சொன்னார்கள்.

"அப்பம் சரி" என்றான் வெள்ளைச்சாமி. "நேரா பாத்தாத்தான் முழிக்கது. ஓரமாப் பாத்தா அது சும்மா பாக்கது."

அளத்தெருவில் அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று.

பதினைந்தாம் நாள் தவசிமுத்து எழுந்து உட்கார்ந்தார். கண்ணுக்குள் குமிழி கரைந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தெளிந்தது. முதலில் ஜெயக்கொடி தெரிந்தாள், கொஞ்சம் சரிந்து.

"நரைச்சுட்ட" என்றார்.

"ஆறு வருசம்லா."

"மூக்குத்திய மாத்திட்டியா?"

"அதே மூக்குத்திதான். மூக்குதான் மாறிட்டு."

அவர் சிரித்தார். நிமிர்ந்து வரப்புக்குப் போனார். அளம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எந்தக் குடிகாரன்வே இப்படிப் போட்டான் வரப்ப?" என்று கேட்டார். "நீங்கதான் மாமா" என்றான் வெள்ளைச்சாமி. வீட்டுக்குத் திரும்பி வந்ததும், "நீங்களும் ஒருக்க குப்பியப் பாருங்க மாமா, ஊரே பாத்துட்டு" என்றான். ஜெயக்கொடி போய் மாடத்தை மறைத்து நின்றுகொண்டாள்.

"எனக்கு விட்டுப்போனது ஒண்ணும் இல்ல" என்றார் தவசிமுத்து.

தப்பித்தோம் என்று ஜெயக்கொடிக்கு இருந்தது. அந்த நினைப்பு அடங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி பஸ் வந்து, நின்று, போயிற்று. பிளாஸ்டிக் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. துலக்கிக் கவிழ்த்த மாவுச் சட்டி அடுப்படியில் இருந்தது.

அதற்கு அடுத்த செவ்வாய், "மாவுக்காரி ஏன் வரல?" என்று கேட்டார்.

"மேலுக்குச் சொகமில்லையாம்."

அதற்கு அடுத்த செவ்வாய் அவர் கேட்கவில்லை. பதினோரு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் கயிற்றுக் கட்டிலை முன்னறையில் இழுத்துப் போட்டு, குப்புறப் படுத்துக்கொண்டார். மூன்று மணி பஸ் போகும்வரை எழுந்திருக்கவில்லை. "டாக்டரம்மா சொல்லிருக்காவ" என்றார். டாக்டரம்மா அப்படி எதையும் சொல்லவில்லை. ஜெயக்கொடி கூடவே இருந்தவள். நாலாவது செவ்வாய்தான் அவள் கவனித்தாள். குப்புறக் கிடந்தவரின் வலது கை கட்டிலுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலிப் பக்கமாக, உள்ளங்கை மேலே பார்க்க விரிந்திருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் அதன் விரல்கள் லேசாக மடங்கின. வந்தவள் பூரணம் என்று தெரிந்ததும் திரும்ப விரிந்தன.

அவள் ஆள் விட்டுச் சொன்னாள். உலகம்மாள் வந்தாள். அவர் தரையைப் பார்த்துப் படுத்திருக்க, அவள் எதிரே உட்கார்ந்திருக்க, முன்பு போலவே செவ்வாய்க்கிழமைகள் நடந்தன. ஆனால் மூன்று மாதத்தில் அவருக்குக் கழுத்து திரும்பவில்லை, கண் சிவந்து நீர் வடிந்தது. மதுரையில் டாக்டரம்மா கோபப்பட்டாள். "குமிழி எப்பவோ கரைஞ்சு போச்சு, எதுக்குக் குப்புறப் படுக்கிறீங்க? இவ்வளவு கஷ்டப்பட்டு வச்ச கண்ணு. நிமிர்ந்து உக்காந்து பாருங்க ஐயா." தவசிமுத்து சரி என்றார். அந்தச் செவ்வாயும் படுத்தார்.

அப்போதுதான் ஜெயக்கொடி குடத்திடமும் அம்மியிடமும் வேட்டியிடமும் சொல்லிப் பார்த்துத் தோற்றாள். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் வாய்விட்டு ஒரு தடவை "உலகு" என்று சொல்லிவிட்டால், அந்த நிமிஷமே அவர் உப்பு அள்ளிய தவசிமுத்துவாக நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கும்; எண்பது அடுப்பும் வந்து வாசலில் நிற்கும். ஒரு சொல் தப்பினால் போதும். அவளுக்கோ எல்லாச் சொல்லும் தப்பும்.

ஆகவே அவள் எதையும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் காலையில், அவர் அளத்தில் இருந்த நேரத்தில், ஸ்டூலைப் போட்டு ஏறினாள். முன்னறை உத்தரத்தில் உலகம்மாளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கி அப்படியே இருந்தது. குப்பியின் கழுத்தில் மீன்வலை நைலான் கயிற்றைச் சுற்றிக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டாள். இறங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தாள். மகள் தன்னைவிட நாலு விரற்கடை உயரம் என்று நினைவு வந்து, ஏறிக் கயிற்றைச் சுருக்கினாள். மர நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தாள். எதிர் நாற்காலியின் கால்கள் இருந்தன, கைகள் இருந்தன. ஒருத்தி உட்கார்ந்தால் முகம் வரும் இடத்தில் ஒன்றுமே இல்லை. மூன்று முடிச்சுப் போட்டாள்.

தவசிமுத்து வந்து கட்டிலை இழுக்கப் போனார். "கட்டில்ல கயிறு அந்துட்டு" என்றாள். அவர் குப்பியைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். உலகம்மாள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜெயக்கொடி குப்பிக்கு இந்தப் பக்கமாக நின்று மறைத்து, கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு விலகினாள்.

அவர் நேராகப் பார்த்தார். இரண்டு காது, கொஞ்சம் முடி, கழுத்துக்குக் கீழே நீலச் சேலை.

"வந்துட்டியாம்மா" என்றார்.

காதுகள் மேலும் கீழும் போயின.

அவர் மெதுவாக முகத்தைத் திருப்பி, பக்கத்துச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தக் காலண்டரில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றுமில்லை. தேதிகூடக் கிழிக்காமல் கிடந்தது. ஆறு வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகளும், அதற்கு முந்திய இரண்டு வருஷமும் முடியும்வரை அவர் அதையே பார்த்தார். வெளியே பாத்தி வாரும் பலகைகளின் சத்தம் நிற்காமல் கேட்டது. அவருடைய நல்ல கண்ணிலிருந்தும் போன கண்ணிலிருந்தும் ஒரே மாதிரி நீர் இறங்கியது.

"வலது புருவத்துல என்ன தழும்பு?" என்று காலண்டரிடம் கேட்டார்.

உலகம்மாள் அம்மாவைப் பார்த்தாள். ஜெயக்கொடி உதட்டில் விரலை வைத்தாள்.

"பேச்சு வந்தா பேசலாம்" என்றார் தவசிமுத்து. "மூஞ்சிக்குத்தான் சத்தியம் பண்ணுனேன். குரலுக்குப் பண்ணலியே."

எட்டு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத குரல் கரகரத்துக்கொண்டு வெளியே வந்தது.

"பஸ் படியில விழுந்துட்டேன்."

"எந்த வருசம்?"

"பாப்பா வயித்துல இருக்கும்போது."

"பாத்து இறங்கக் கூடாதாளா?" என்று காலண்டரை அதட்டினார்.

ஜெயக்கொடிக்குக் குப்பி லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே, இருவருக்கும் நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கயிற்றில் நாலாவது முடிச்சையும் இறுக்கிப் போட்டாள்.